கார் இல்லாமல் செஸ் பள்ளத்தாக்கு: லாட்டிமர், சாரட், செய்னீஸ் வழியாக ஒரு சுற்று நடை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லண்டனின் ஹாரோவில் குடியிருக்கிறீர்கள், கார் கிடையாது, ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். பழைய இங்கிலாந்துக் கிராமம், காடு இரண்டையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். பஸ் டூர் வேண்டாம். கூடவே ஒரு தயக்கம்: “வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் தனியார் வயல் மாதிரி இருக்கிறதே, உள்ளே போனால் யாராவது விரட்டுவார்களா?”

உங்கள் ஊர் வழியாக ஓடும் மெட்ரோபாலிட்டன் லைன் ட்யூப் ரயிலிலேயே விடை இருக்கிறது. ஹாரோ ஆன் த ஹில்லில் ஏறி சால்ஃபண்ட் அண்ட் லாட்டிமரில் இறங்குங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. ஸோன் 8 என்றாலும் ஆய்ஸ்டர் கார்டே போதும். அங்கிருந்து லாட்டிமர், சாரட், செய்னீஸ் என்று மூன்று ஊர்களைத் தொட்டு அதே ஸ்டேஷனுக்குத் திரும்பும் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நின்று நிதானித்துப் போனால் நாலரை மணி நேரம், சாப்பாட்டோடு ஆறு மணி நேரம். இந்த வழியில் நான் எத்தனை முறை போயிருக்கிறேன் என்ற கணக்கு விட்டுப்போய்விட்டது. லண்டனைச் சுற்றி இதைவிட அழகான கிராமங்கள் உண்டு. ஆனால் ட்யூப் ரயிலில் இறங்கிக் கால் மணி நேரத்தில் காட்டுக்குள் நுழையக்கூடிய இடங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு சராசரிப் புறநகர்தான் தெரியும். 1889ல் மெட்ரோபாலிட்டன் ரயில்வே இங்கே வந்து சேர்ந்தபோது சுற்றிலும் வயல்தான் இருந்தது. மற்ற ரயில் கம்பெனிகளுக்கு இல்லாத ஒரு வசதி இந்தக் கம்பெனிக்கு இருந்தது: பாதைக்கென்று வாங்கியதில் மிஞ்சிய நிலத்தைத் தானே வீட்டுமனையாக்கி விற்கலாம். 1915ல் ‘மெட்ரோலேண்ட்’ என்று ஒரு பெயரைக் கண்டுபிடித்து, ‘கிராமத்துக் காற்று, லண்டன் வேலை’ என்கிற தோரணையில் விளம்பரம் செய்தார்கள். உங்கள் ஹாரோவும் வெம்ப்ளியும் வீடுகளால் நிறைந்தது பெருமளவு அந்தக் காலத்தில்தான். லிட்டில் சால்ஃபண்ட் என்கிற இந்த ஊரே ரயிலால் வளர்ந்ததுதான். தெருப் பெயர்களைக் கவனியுங்கள்: பெட்ஃபர்ட் அவென்யூ, செய்னீஸ் அவென்யூ. பெட்ஃபர்ட் யார், செய்னீஸ் எது என்பது மத்தியானத்துக்கு மேல் தெரியும்.

செய்னீஸ் அவென்யூவில் வடக்கே நேராக நடந்தால் வீடுகள் சட்டென்று நின்றுவிடும். அடுத்த அடி காடு. நடுவில் பாதி ஊர் பாதி வயல் என்று இழுத்துக்கொண்டு போகாது, கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். 1947ல் வந்த நகர ஊரமைப்புச் சட்டமும், லண்டனைச் சுற்றிய பசுமை வளையமும், இந்தப் பகுதி அடங்கிய சில்டர்ன் குன்றுகளுக்கு 1965ல் கிடைத்த பாதுகாப்பு அந்தஸ்தும் சேர்ந்து போட்ட கோடு அது. இல்லாவிட்டால் இந்தக் காடும் இந்நேரம் ஒரு அவென்யூ ஆகியிருக்கும்.

இனி உங்கள் பயம். என் அப்பா முதல்முறை வந்தபோது கேட்ட கேள்வியும் இதுவே. கோதுமை வயலின் குறுக்கே நடந்துகொண்டிருந்தோம்.

“இது யார் வயல்?”

“யாரோ ஒருத்தருடையதுப்பா.”

“கேட்டுக்கிட்டா வந்தோம்?”

கேட்க வேண்டியதில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவே இல்லை. வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பத்திலிருந்து வந்தவர், எப்படி நம்புவார்? விஷயம் இதுதான். நிலம் அவருடையது, வழி எல்லாருடையது. இங்கிலாந்தில் பொது நடைபாதை என்பது நிலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு உரிமை. நிலம் கை மாறினாலும் உரிமை மாறாது. நூற்றாண்டுகளாகச் சர்ச்சுக்கும் ஆலைக்கும் பக்கத்து ஊருக்கும் மக்கள் நடந்து போட்ட தடங்கள்தான் பெரும்பாலும் இவை. ஒருமுறை பொதுவழி என்றானால் சட்டப்படி அதை மூடும்வரை அது பொதுவழிதான்.

இது சும்மா கிடைத்ததும் அல்ல. 1932 ஏப்ரலில் வடக்கே கிண்டர் ஸ்கௌட் மலையில் சில நூறு தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. மலையிலும் மேட்டிலும் இஷ்டம்போல் நடக்கும் உரிமைக்கான போராட்டம் அது, அந்த உரிமை கிடைக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அது கிளப்பிய சூடு 1949ல் வந்த சட்டத்துக்கும் உதவியது. ஒவ்வொரு கவுன்ட்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் நடைபாதைகளை எல்லாம் வரைபடத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இன்று ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தில் பச்சைப் புள்ளிக் கோடுகளாக இருப்பவை அவை. இந்தப் பகுதிக்கு எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 172ஆம் எண் தாள். கையில் போன் இருந்தாலும் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும்.

கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான வழி. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். இரண்டிலும் நாம் நடக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே ஊருக்குப் போகாது! ஒரு டிசம்பரில் பேச்சுச் சுவாரஸ்யத்தில் நீல அம்பைப் பிடித்துக்கொண்டு போய், நாலு மணிக்கு இருட்டிய காட்டில் முக்கால் மணி நேரம் சுற்றி, சம்பந்தமில்லாத ஒரு சாலையில் போய் விழுந்தேன். உங்களுக்கு ஏப்ரல் கடைசி, எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும், கவலை இல்லை.

காட்டுக்கு வருவோம். பீச் மரங்கள்தான் அதிகம். வழுவழுப்பான சாம்பல் நிற அடிமரம், யானைக் கால் மாதிரி. ஒரு காலத்தில் இந்தக் குன்றுகளின் பீச் மரத்தை நம்பித்தான் ஹை விக்கம் ஊரின் நாற்காலித் தொழில் நடந்தது. ‘பாட்ஜர்’ என்று அழைக்கப்பட்ட கடைசல்காரர்கள் காட்டுக்குள்ளேயே கொட்டகை போட்டு, காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து கட்டுக்கட்டாக ஊருக்கு அனுப்புவார்கள். அந்தத் தேவைதான் இத்தனை பீச் மரத்தை இங்கே வைத்திருந்தது. ‘ஆதிகாலக் காடு’ என்று நாம் மயங்குவதில் பாதி, மனிதன் தன் வேலைக்காக வளர்த்தது.

ஏப்ரல் கடைசி என்றதும் நான் இந்த நடையைச் சொல்வதற்குக் காரணம் புளூபெல். பீச் இலை விட்டு மேலே பந்தல் மூடிவிட்டால் தரையில் வெயில் விழாது. அதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில் அவசர அவசரமாகப் பூத்து முடித்துவிடும் கிழங்குச் செடி இது. ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை, குளிரைப் பொறுத்து முன்பின் ஆகும். சரியான வாரத்தில் போனால் மரங்களுக்கு அடியில் தரை முழுக்க நீலமும் ஊதாவும் கலந்த ஒரு புகை படிந்தது போலிருக்கும். போட்டோவில் அது வரவே வராது, முயன்று பார்த்துச் சலித்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பூக்களுக்கு நடுவில் அம்மாவை உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். மிதிபட்ட இலை அந்த வருஷம் உணவு சேர்க்க முடியாமல் போய், கிழங்கு தேறப் பல வருஷம் ஆகும். பாதையில் நின்றே எடுக்கலாம். தோண்டி எடுத்துவருவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் உங்கள் அம்மாவின் தோட்ட ஆசையை உத்தேசித்துச் சொல்லிவைக்கிறேன்.

சேறு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குன்று முழுக்கச் சுண்ணாம்புப் பாறைதான், தண்ணீர் உடனே இறங்கிவிட வேண்டும். ஆனால் உச்சியில் அதற்கு மேல் களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த ஒரு போர்வை கிடக்கிறது. உழவுக்குச் சிரமமான மண். பல இடங்களில் உச்சி காடாகவே விடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மழை பெய்த மறுநாள் அந்த மண் ஷூவை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்பா அம்மாவுக்குச் செருப்பு, கேன்வாஸ் ஷூ எதுவும் உதவாது. கணுக்காலைப் பிடிக்கும் நல்ல பூட்ஸ் வாங்கிக்கொடுங்கள்.

காட்டைவிட்டு இறங்கியதும் பள்ளத்தாக்கு மொத்தமாகத் திறந்துகொள்ளும். கீழே செஸ் ஆறு, ஒரு இடத்தில் ஏரிபோல் அகலமாக. எதிர்ச் சரிவில் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும் சிவப்புச் செங்கல் மாளிகை. அதுதான் லாட்டிமர் ஹவுஸ். பழைய மாளிகை தீயில் சேதமானபின் 1830களில் எட்வர்ட் புளோர் என்கிற கட்டடக் கலைஞர் கட்டியது. பழையதில் 1647ல் சிறைப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னனைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். புதியதிலும் கைதிகள் இருந்தார்கள், அது வேறு மாதிரிக் கதை.

1942லிருந்து போர் முடியும்வரை பிடிபட்ட ஜெர்மன் விமானிகளையும் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளையும் இங்கே கொண்டுவந்தார்கள். விசாரணையில் அவர்கள் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. அறைக்குத் திரும்பியதும் கூட இருப்பவனிடம், “அவன் இதைக் கேட்டான், நான் அதைச் சொல்லவில்லை” என்று பீற்றிக்கொள்வார்கள் அல்லவா? அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அறைகளில் மறைத்து வைத்திருந்த மைக்ரோபோன்களின் மறுமுனையில் ஆட்கள் உட்கார்ந்து, முக்கியமான பேச்சு வந்ததும் ஒலித்தட்டில் பதிவு செய்தார்கள். கேட்டவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதர்கள். தாய்மொழி என்பதால் வட்டார வழக்குகூடத் தப்பாது. பல பத்தாண்டுகள் அவர்கள் இதைப் பற்றிச் சொந்த வீட்டிலும் பேசவில்லை. இப்போது அந்த மாளிகை ஹோட்டல், கல்யாணம் நடக்கிறது. உள்ளே போக வேண்டியதில்லை. அதற்குக் கீழே புல்வெளியில் வலது பக்கமாகப் பிரியும் வழிதான் நம்முடையது.

லாட்டிமர் கிராமம் என்பது ஒரு முக்கோணப் புல்திடல், நடுவில் பழைய தண்ணீர் பம்ப், சுற்றிலும் சில பழைய வீடுகள். அவ்வளவுதான். கடை இல்லை, பப் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம், ஆனால் திடலில் இருக்கும் இரண்டு நினைவுச் சின்னங்களைப் படிக்காமல் நகராதீர்கள். ஒன்று, தென்னாப்பிரிக்காவில் போயர்கள் என்கிற டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு ஆங்கிலேயர் நடத்திய போரில் பணியாற்றிய சுற்றுவட்டார ஆட்களுக்கு. பக்கத்தில் இருக்கும் சின்ன மேடு ஒரு குதிரைக்கு. குதிரைக்கென்றால் முழுக் குதிரைக்கும் அல்ல, அதன் இதயத்துக்கு!

ஜெனரல் டி வில்லெபுவா மரேய் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயருக்கு எதிராக போயர்கள் பக்கம் போய்ச் சண்டை போட்டவர். 1900 ஏப்ரல் 5ல் போஷோஃப் என்னுமிடத்தில் கொல்லப்பட்டார். காயம்பட்ட அவருடைய குதிரையை லாட்டிமர் மாளிகையின் சொந்தக்காரரான செஷம் பிரபு இங்கே கொண்டுவந்தார். 1911வரை அது இந்தப் புல்லை மேய்ந்தது. செத்தபின் இதயத்தையும் அலங்காரச் சேணத்தையும் ஊர்த் திடலில் புதைத்தார்கள். எதிரியின் குதிரைக்கு ஊர் நடுவில் சமாதி வைத்தது பெருந்தன்மையா, இல்லை வேட்டையாடிய மான் தலையைச் சுவரில் மாட்டுகிற மாதிரியா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. என் அப்பா முதலாவது என்றார்.

லாட்டிமரைத் தாண்டி ஆற்றின் போக்கிலேயே கிழக்கே நடந்தால், வயலோரம் மரங்களுக்கு அடியில் கம்பி வேலி போட்ட ஒரு செங்கல் சமாதி தன்னந்தனியாக நிற்கும். வில்லியம் லிபர்ட்டி, செங்கல் சூளைக்காரர், 1777ல் இறந்தார். ‘தன் விருப்பப்படி’ தன் நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகக் கல்லில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் சர்ச் இருந்தும் ஏன் இங்கே? இறுதித் தீர்ப்பு நாளில் எழுந்திருக்கும்போது தன் எலும்பு சொந்தக்காரர்களின் எலும்போடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்தாராம். ஊர்க்கதைதான், ஆனால் பங்காளிச் சண்டை தெரிந்த எவருக்கும் நம்பும்படி இருக்கிறது. மனைவி ஆலிஸ் 1809ல் வந்து சேர்ந்துகொண்டார்.

இதில் வேடிக்கை, அவர் வேண்டாம் என்ற சர்ச்தான் இப்போது இல்லை. ஃப்ளாண்டன் என்ற பழைய ஊர் இந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. ஊர் மேட்டுக்கு ஏறிவிட, 1838ல் அங்கே புதிய சர்ச் கட்டினார்கள். ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் கட்டிய முதல் சர்ச் அது. லண்டன் செயின்ட் பாங்கரஸ் ஸ்டேஷனின் முகப்பில் கோபுரம் கோபுரமாக நிற்கும் சிவப்பு ஹோட்டலைக் கட்டியவர் இவரே. கீழே விடப்பட்ட பழைய சர்ச் சமாதிக்குப் பக்கத்துப் புதரில் கற்குவியலாகக் கிடக்கிறது. லிபர்ட்டியின் செங்கல் நிற்கிறது.

அடுத்த இரண்டு கிலோமீட்டர் ஆற்றோரம். இந்த நடையில் எனக்குப் பிடித்த பகுதி. செஸ் ஒரு சுண்ணாம்பு ஓடை. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அங்கேயே மாதக்கணக்கில் வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. கோடையிலும் பனியிலும் ஊற்றுநீரின் குளிர்ச்சி ஏறத்தாழ ஒரே மாதிரி, 10 அல்லது 11 டிகிரி. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் என்கிற அளவுக்குத் தெளிவு. உலகத்தில் இப்படிப்பட்ட ஓடைகளில் பெரும்பகுதி இங்கிலாந்தில்தான் இருக்கிறது. பெயரைப் பற்றி ஒரு துணுக்கு: செஷம் ஊருக்கு ஆற்றால் பெயர் வரவில்லை, ஊர்ப்பெயரை வெட்டித்தான் ஆற்றுக்கு வைத்தார்கள்.

உறையாத இந்தத் தண்ணீரை நம்பி விக்டோரியா காலத்தில் வாட்டர்கிரெஸ் பாத்திகள் பெருகின. நம் வல்லாரை மாதிரி தண்ணீரோடு ஒட்டி வளரும் கீரை, கடித்தால் கடுகுக் காரம். குளிர்காலத்தில் லண்டனுக்கு வேறு பச்சைக் கீரை அதிகம் கிடைக்காத நாட்களில் இது ரயில் ஏறிப் போனது. சாரட் பாட்டம் என்கிற பள்ளத்தில் அந்தப் பாத்திகளின் அமைப்பை இன்றும் பார்க்கலாம். வழியில் ஃப்ராக்மோர் புல்வெளியில் சத்தமில்லாமல் நின்றால் ‘ப்ளப்’ என்று ஒரு ஓசை கேட்கும். நீர் எலி ஓடைக்குள் குதிக்கிற சத்தம். தோல் பண்ணைகளிலிருந்து தப்பிய, கீரி மாதிரியான அமெரிக்க மிங்க் இவற்றைத் தின்று தீர்த்துவிடும் நிலை வந்து, மிங்கைப் பிடித்து ஒழித்தபின்தான் மீண்டும் பெருகின. ஆறு அத்தனை சுகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடிநீருக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில், மழை குறைந்த வருஷங்களில் செஷம் பக்கத்து மேல்பகுதி வறண்டே போயிருக்கிறது. தெளிவாக இருக்கிறதே என்று அள்ளிக் குடிக்காதீர்கள், கரையோரம் முளைத்திருக்கும் கீரையைப் பறித்து வாயிலும் போடாதீர்கள்.

நிமிர்ந்து வானத்தையும் பாருங்கள். பிளவுபட்ட வாலோடு வட்டமடிக்கும் பெரிய பருந்து கண்ணில் படாமல் இருக்காது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே கொன்று தீர்த்துவிட்டார்கள். 1989லிருந்து சில வருஷங்கள் ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இப்போது சாண்ட்விச்சைக் கையிலிருந்து பிடுங்குகிற அளவுக்குத் தேறிவிட்டன.

சாரட் பாட்டத்திலிருந்து இடது பக்கம் ஒரு ஏற்றம். மேலே சர்ச் எண்ட். சாரட்டின் முக்கியமான ஊர் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதற்குப் போக வேண்டாம். இங்கே ஹோலி கிராஸ் சர்ச், எதிரில் முதிய ஏழைகளுக்காகக் கட்டிய தரும வீடுகள், காக் இன் என்ற பப், மூன்றும்தான். சர்ச் 12ஆம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்தது. கோபுரத்தின் கூரையைப் பாருங்கள், வீட்டுக்கூரை போல இரண்டு பக்கச் சரிவு, ஆனால் கீழே இருக்கும் கட்டடத்துக்குக் குறுக்காகத் திருப்பி வைத்திருக்கிறது. சுவரில் சிக்கிமுக்கிக் கல்லோடு ரோமானியர் காலத்துச் செங்கல்லும் கலந்து கிடக்கிறது. பள்ளத்தாக்கில் ரோமானிய மாளிகைகள் இருந்தன, லாட்டிமரில் ஒன்றை 1960களில் அகழ்ந்தே பார்த்தார்கள். இடிந்த வீட்டுச் செங்கல்லை அடுத்த வீட்டுக்காரன் விடுவானா என்ன?

சாப்பாட்டுக்கு இதுவே நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை பப்பில் ரோஸ்ட் கேட்டுக் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்யுங்கள். அம்மா அப்பா சைவம் என்றால் எனக்குத் தெரிந்த உத்தமமான வழி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவதுதான். ஒரு காபியாவது வாங்கினால் பப் கழிப்பறையைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். செய்னீஸ் பப்களை விட்டால் வழியில் வேறு எங்கும் அந்த வசதி கிடையாது, பெரியவர்களோடு போகும்போது இது சின்ன விஷயம் அல்ல.

சர்ச் பக்கத்திலிருந்து மறுபடி இறங்கி, மரப்பாலத்தில் செஸ்ஸைத் தாண்டி, மவுன்ட் வுட் காட்டின் வழியாக ஏறினால் செய்னீஸ். இதுவரை சொன்னதெல்லாம் இந்த ஊருக்கு முன்னுரை மாதிரிதான்.

முதலில் பெயர். இந்த ஊருக்கும் லாட்டிமருக்கும் ஆதியில் ஒரே பெயர்: ஐசன்ஹாம்ப்ஸ்டெட். இங்கே செய்னி குடும்பம், அங்கே லாட்டிமர் குடும்பம். பிரித்துச் சொல்வதற்காக ஐசன்ஹாம்ப்ஸ்டெட் செய்னீஸ், ஐசன்ஹாம்ப்ஸ்டெட் லாட்டிமர் என்றார்கள். கடைசியில் ஊர்ப்பெயர் உதிர்ந்து நிலக்கிழார் பெயர் மட்டும் நின்றது. 1526ல் செய்னீஸ் ஜான் ரஸ்ஸல் என்பவரின் குடும்பத்துக்கு வந்தது. எட்டாம் ஹென்றியின் அரசவையில் ஏறுமுகமாக இருந்தவர், பின்னால் பெட்ஃபர்டின் முதல் எர்ல் ஆனார். அந்த வம்சம் பிறகு பெட்ஃபர்ட் டியூக்குகளானது. லண்டனில் ரஸ்ஸல் ஸ்கொயர், பெட்ஃபர்ட் ஸ்கொயர், காவன்ட் கார்டன் எல்லாம் அவர்கள் சொத்தின் மேல் எழுந்தவை. காலையில் பார்த்த தெருப்பெயரும் அவர்களுடையதே.

செய்னீஸ் மேனர் ஹவுஸ் செங்கல்லில் கட்டியது, முறுக்கு முறுக்கான புகைபோக்கிகள் தூரத்திலேயே தெரியும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறப்பார்கள், நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வசந்தத்தில் துலிப் தோட்டத்துக்காகவே ஆட்கள் வருகிறார்கள். 1541ல் எட்டாம் ஹென்றி ஐந்தாவது மனைவி கேதரின் ஹோவர்டோடு வந்து தங்கினார். அப்போது அவருக்குக் காலில் ஆறாத புண். இரவில் நொண்டி நடக்கும் காலடிச் சத்தம் இன்றும் கேட்கிறதாம், மனைவியைத் தேடிப் போகிறாராம். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணின் தலை போனது உண்மை, காலடி உங்கள் விருப்பம்.

பக்கத்தில் செயின்ட் மைக்கேல் சர்ச். அதோடு ஒட்டி 1556ல் கட்டத் தொடங்கிய பெட்ஃபர்ட் சாப்பல், ரஸ்ஸல் குடும்பத்தின் சமாதி மண்டபம். இன்றும் குடும்பச் சொத்து. பெரும்பாலும் பூட்டியிருக்கும், சர்ச்சுக்குள்ளிருந்து தடுப்புக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கலாம். வண்ணம் தீட்டிய அலபாஸ்டர் கல்லில் கணவனும் மனைவியும் கைகூப்பிப் படுத்திருப்பார்கள், தலைமுறை தலைமுறையாக. 1683ல் அரசனைக் கொல்லச் சதி செய்ததாகத் தலை வெட்டப்பட்ட வில்லியம் ரஸ்ஸல் பிரபு இங்கேதான். இரண்டு முறை பிரதமராக இருந்த ஜான் ரஸ்ஸலும் இங்கேதான், 1878ல் வந்தார். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தாத்தா.

இப்போது ஊரைச் சுற்றிப் பாருங்கள். திடலைச் சுற்றிய வீடுகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலிருக்கும். பல வீடுகளின் முகப்பில் ஒரு கிரீடமும் ‘பி’ என்ற எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் டியூக் தன் குடியானவர்களுக்காகக் கட்டிக்கொடுத்தவை. “எப்படிப்பா இத்தனை அழகா வெச்சிருக்காங்க?” என்று உங்கள் அம்மா கேட்பார். என் பதில் கொஞ்சம் கசப்பானது: எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்ததால். கதவுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதிலிருந்து யார் குடியிருப்பது என்பதுவரை ஒரு எஸ்டேட் அலுவலகம் முடிவு செய்தது. லாட்டிமரில் செஷம் பிரபு, இங்கே டியூக். யாரும் தன் இஷ்டத்துக்கு ஒரு மாடி ஏற்றவில்லை, ஏற்ற முடியவில்லை. 1954ல் பரம்பரை வரி கட்டுவதற்காக டியூக் குடும்பம் செய்னீஸை விற்றது. அதற்குள் பாதுகாப்புச் சட்டங்கள் வந்துவிட்டன, டியூக் இருந்த இடத்தில் கவுன்சில் உட்கார்ந்துகொண்டது. பண்ணைக்கூலிக்குக் கட்டிய அந்த வீடுகளை வாங்க இன்று லண்டன் சம்பளம் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் டியூக்கால் மூட முடியாமல் இருந்தது நீங்கள் நடந்து வந்த அந்த ஒற்றையடிப் பாதைதான்.

செய்னீஸிலிருந்து திரும்ப மேனர் பக்கமாக மேற்கே போகும் பாதையைப் பிடியுங்கள். காலையில் இறங்கிய அதே காட்டின் மேல்விளிம்பைத் தொட்டு, செய்னீஸ் அவென்யூவில் கொண்டுவிடும். அரை மணி நேரம், ஏறக்குறைய சமதரை.

அப்பா அம்மாவுக்கு 11 கிலோமீட்டர் அதிகம் என்று தோன்றினால் சாரட்டை வெட்டிவிடுங்கள். லிபர்ட்டி சமாதியைத் தாண்டியதும் செய்னீஸ் பாட்டம் என்ற இடத்தில் வலது பக்கம் ஆற்றைக் கடந்து நேராகச் செய்னீஸுக்கு ஏறிவிடலாம். மொத்தம் சுமார் 7 கிலோமீட்டர். நீர் எலி போகும், ரோமானியச் செங்கல் போகும், மற்றதெல்லாம் இருக்கும். பகல் சாப்பாட்டைச் செய்னீஸில் ரெட் லயனிலோ பெட்ஃபர்ட் ஆர்ம்ஸிலோ வைத்துக்கொள்ளலாம், மத்தியானம் இரண்டு இரண்டரைக்குப் பிறகு சமையலறை மூடிவிடுகிற பழக்கம் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மேய்ச்சல் வயலில் கன்றோடு பசு நின்றால் நடுவில் புகுந்து போகாதீர்கள், ஓரமாகச் சுற்றுங்கள். என் அப்பாவுக்குப் பழக்க தோஷம், கழுத்தைச் சொறிந்துகொடுக்கப் போய்விட்டார். இந்த ஊர் மாட்டுக்கு அந்த உறவு புரியவில்லை, வேலி ஏறித் தப்பித்தோம்.

திரும்பும் ரயிலில் ஒரு கவனம். சால்ஃபண்ட் அண்ட் லாட்டிமர் பாதை பிரியும் இடம். செஷம், ஆமர்ஷம் இரண்டு பக்கமும் போகும் வண்டிகள் இங்கே நிற்கும். களைப்பில் முதலில் வந்ததில் ஏறி உட்கார்ந்தால் எதிர்த் திசையில் போய்விடுவீர்கள். பலகையில் பேக்கர் ஸ்ட்ரீட் அல்லது ஆல்ட்கேட் என்று பார்த்து ஏறுங்கள். ட்யூப் அல்லாத சில்டர்ன் ரயில்வே வண்டி வந்தால் அதிலும் ஏறலாம், மேரில்போன் போவது, ஹாரோவில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதறிவிடுங்கள்.